செட்டரம்மாவின் திருத்தங்கள்

எங்கள் தொழிற்கூடத்தின் பழைய கணினியை நினைக்கும்போதெல்லாம், அதன் திரைமேல் பதிந்திருந்த எண்ணெய் விரல் ரேகைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. ஒரு சனிக்கிழமை மதியம் பதிந்தது அது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் நின்றிருந்தன. நான் நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, நான் தவறவிட்ட இடத்தைத் தொட்டுக் காட்டியது. அந்தக் கைக்குரியவரை எங்கள் கூடத்தில் எல்லோரும் செட்டரம்மா என்று கூப்பிடுவோம். அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான். எனக்கு நாற்பத்தைந்து. அந்தப் பெயர் கேலியாகத் தொடங்கியது. எப்போது மரியாதையாக மாறியதென்று யாருக்கும் தெரியாது.

பொம்மசந்திராவில் ஓசூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்றாவது குறுக்குத் தெருவில் இருக்கிறது நாங்கள் வேலை பார்த்த கூடம். இரும்பையும் அலுமினியத்தையும் குடைந்து பாகங்கள் செய்யும் ஆறு இயந்திரங்கள் அங்கே உண்டு. வரைபடத்தைப் பார்த்து, இயந்திரம் எங்கே போக வேண்டும், எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், எப்போது மேலே எழ வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் கொடுப்பது என் வேலை. அதைத்தான் புரோகிராம் என்போம். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எழுதி, கீழே இருக்கும் பொதுக் கணினிக்கு அனுப்பிவிடுவேன். உலோகக் கட்டியை இறுக்கிப் பிடிக்க வைத்து, வெட்டும் டூலை மாட்டி, என் வரிகளை இயந்திரத்துக்கு ஏற்றி, முதல் பாகத்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பவர் செட்டர். ராணிப்பேட்டையில் தொடங்கி ஓசூர் வழியாக இங்கே வந்து சேர்ந்த என் இருபது வருட வேலையில் ஒரு பெண் செட்டரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவர் அவர். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தார். அவருடைய பேச்சு தமிழில் கிளம்பி, கன்னடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, உருதுச் சொல் ஒன்றில் போய் நிற்கும். வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’தான். உயரம் குறைவு என்பதால் இயந்திரத்தின் முன்னால் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நிற்பார். சுழலும் இயந்திரத்தின் அருகில் எதுவும் தொங்கக் கூடாது. அதனால் கழுத்துச் சங்கிலியில் இருந்த சின்னப் புத்தர் டாலரைக் காலையில் வந்ததும் சட்டைக்குள் போட்டு மேல் பட்டனைப் பூட்டிக்கொள்வார். உலோகம் வெட்டுப்படும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். சத்தம் பிடிக்கவில்லையென்றால் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பை மாடிக் கண்ணாடி வழியாக நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது என் எழுத்தைப் பற்றிய சுளிப்பு என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாம் நம்பர் இயந்திரத்திலிருந்து கட்டடமே அதிரும்படி ஒரு சத்தம் வந்தது. இறங்கி ஓடினேன். வேகமாக நகர்ந்த டூல், கட்டியைப் பிடித்திருந்த கிளாம்பில் மோதி உடைந்து கிடந்தது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் அடிபட்டிருந்தது. செட்டரம்மா அவசர நிறுத்தப் பட்டனிலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்தார். முந்தைய நாள் பிசகில்லாமல் ஓடிய அதே வேலை. அந்த நம்பிக்கையில், உலோகத்தைத் தொடாமல் வெறும் காற்றில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நேரடியாக ஓட்டியிருக்கிறார்.

மேனேஜர் வந்தார். மைசூர் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் அவருடைய தமிழுக்குள் கன்னடம் புகுந்துவிடும்.

“நேத்து நான் இந்த எடத்துல ஒசரத்த ஏத்தி வெச்சேன் சார். இப்ப பார்த்தா பழைய நம்பரே கீது. யாரோ அழிச்சிட்டாங்க,” என்றார் செட்டரம்மா.

“யாரும்மா அழிப்பாங்க? பேய் வந்து அழிச்சிதா?” என்றார் மேனேஜர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். மாட்டிக்கொண்டவர் சொல்லும் சாக்கு என்றுதான் நினைத்தேன். இயந்திரம் சரியாகப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் அவர் உடைந்த இயந்திரத்தின் பக்கம் திரும்பாமலேயே நடந்து போனதைப் பார்த்தபோதுதான் மனது கொஞ்சம் உறுத்தியது.

ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்து ஐ.டி. ஊழியர் ஒருவர் இருந்தார். தண்ணீர் லாரிக்காகக் கீழே காத்திருந்த ஒரு காலையில் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர்லயே டூல் இருக்குண்ணே. ஒருவாட்டி போட்டுவிட்டாப் போதும். நீங்க ஃபைலை சேவ் பண்ணுதப்பல்லாம் அதுவே பழசையும் புதுசையும் எடுத்து வச்சிக்கிடும். யாரு, எப்ப, என்னத்த மாத்துனாங்கன்னு கேட்டா சொல்லும். எங்க ஆபீஸ்ல இது இல்லாம ஒருநாள் ஓடாதுண்ணே,” என்றார். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யவேண்டிய ஏழு கட்டளைகளை எழுதிக் கொடுத்தார்.

அதைப் போட்டுப் பார்க்க மேனேஜர் சம்மதித்தார். சனிக்கிழமை மதியம் இயந்திரங்கள் நின்றபிறகு கணினி முன் உட்கார்ந்தேன். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செட்டரம்மா, விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டார். “நெசமாவே இன்னா மாத்துனோம்னு அப்பிடியே காட்டுமா சார்?” என்று இரண்டு முறை கேட்டார். பத்திரிகையை வாங்கி, தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

சுட்டியை அழுத்தியே பழகிய எனக்கு, ஒரு படமோ பொத்தானோ இல்லாத அந்தத் திரை இருட்டு அறை மாதிரி இருந்தது. முதல் கட்டளைக்கே, வெளியே போக வழியில்லை என்று பதில் வந்தது. எங்கள் கூடத்து இணையத்தில் பாதித் தளங்கள் திறக்காது. செட்டரம்மா தன் கைபேசியிலிருந்து இணையம் கொடுத்தார். அடுத்த கட்டளைக்கு அனுமதி இல்லை என்றது; மேனேஜரை வீட்டுக்கு அழைத்துக் கடவுச்சொல் வாங்கினோம். நான்காவது கட்டளை, அப்படி ஒன்றை நான் அறியேன் என்று திரும்பத் திரும்பக் கைவிரித்தது. நான் மூன்று முறை அதையே அடித்தேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்த விரல் நீண்டது.

“சார், அங்க ரெண்டு மைனஸ். நீங்க ஒண்ணுதான் போட்டீங்க.”

பத்திரிகையில் இரண்டு சின்னக் கோடுகள் ஒட்டி எழுதப்பட்டிருந்தன. என் கண்ணுக்கு அது ஒன்றாகத் தெரிந்தது. ஒரு மைனஸ் குறி தவறினால் டூல் எந்தத் திசையில் பாயும் என்று தெரிந்த கண்ணுக்கு மட்டும் இரண்டாகத் தெரிந்தது. திருத்தி அடித்தேன். வரிகள் மளமளவென்று ஓடி நின்றன.

சோதிப்பதற்காக ஒரு பழைய புரோகிராமைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றிச் சேமிக்கச் சொன்னேன். அவர் தன் பெயரில் கணினிக்குள் நுழைந்து மாற்றினார். இரண்டு நொடியில் கறுப்புத் திரையில் ஒரு வரி முளைத்தது: நேரம், கோப்பின் பெயர், அவருடைய பெயர். அந்த எண்ணை அழித்தார், இன்னொரு வரி. கோப்பு முழுவதையும் காலி செய்தார். அதற்கும் ஒரு வரி. ஏழாவது கட்டளையை நான் அடித்ததும் அழிந்த கோப்பு முழுசாகத் திரும்பி வந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இன்னொரு தபா பண்ணுங்க சார்,” என்றார். செய்து காட்டினேன். அன்றைக்கு அவர் சில்க் போர்டு நிறுத்தத்துக்குப் போகிற பஸ்ஸைத் தவறவிட்டார். அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, வாடிக்கையாளர் தரப்பிலிருந்து தணிக்கைக்கு வருவதாக இருந்தது. காட்டுவதற்கு ஒரு நல்ல விஷயம் கிடைத்ததென்று மகிழ்ந்த மேனேஜர், மாற்றங்களின் பட்டியலை முழுதாக அச்செடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன், நான் படித்துப் பார்க்கவில்லை. அன்று பிற்பகல் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் தாள்கள் பரப்பிக் கிடந்தன. பெரும்பாலான வரிகளில் ஒரே பெயர். நான் எழுதி அனுப்பிய ஒவ்வொரு புரோகிராமிலும் செட்டரம்மா ஓடவிடுவதற்கு முன்னால் கை வைத்திருந்தார்.

“யாரு பர்மிஷன் கொட்டித்து, யாரு குடுத்தாங்க?” என்றார் மேனேஜர். “புரோகிராம் மாத்தறது செட்டர் வேலையா? ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது? அன்னிக்கு மெஷின் இடிச்சதும் இப்படி ஏதாவது மாத்தினதாலதானா?”

செட்டரம்மா ஒரே ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். தாள்களில் எனக்கு மிக அருகில் கிடந்ததை அதற்குள் நான் படித்துவிட்டிருந்தேன். நான் விட்ட ஒரு தசமப் புள்ளியை அவர் சேர்த்திருந்தார். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் ஐம்பது மில்லிமீட்டர் என்பதை இயந்திரம் தலைமுடிப் பருமன்கூட இல்லாத தூரமாக எடுத்துக்கொள்ளும். மேனேஜரின் கேள்விக்கான பதில் என்னிடம் இருந்தது. நான் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று தயாரானது. மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார் மேனேஜர்.

“ஆகட்டும் சார்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு செட்டரம்மா பலகைக்குத் திரும்பினார். அறையில் அவர் பேசியது அந்த இரண்டு சொல்தான். இவர் எழுதியது தப்பு, அதனால் மாற்றினேன் என்று ஒரே வாக்கியத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன். ஷிப்ட் முடியும்வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். விட்டுப்போன புள்ளிகள். அளவுக்கு மீறிய வேகங்கள். கிளாம்பின் உயரத்தை நினைக்காமல் நான் போட்ட எண்கள். ஒவ்வொன்றையும் அவர் சரிசெய்திருந்தார். ஆனால் என்னை நிலைகுலைய வைத்தது வேறொன்று. ஒரே கோப்பில், ஒரே இடத்தில், அதே திருத்தத்தை அவர் மூன்று முறை செய்திருந்தார். இடையிடையே அதைப் பழைய எண்ணுக்கு மாற்றியிருந்த வரியின் பக்கத்தில் இருந்தது என் பெயர். மாடியில் என் கணினியில் இருக்கும் பிரதியில் ஏதாவது ஒரு துளையின் அளவைத் திருத்துவேன்; பிறகு கோப்பு முழுவதையும் எடுத்துக் கீழே இருப்பதன் மேல் போட்டுவிடுவேன். அவர் சரிசெய்து வைத்ததெல்லாம் அதோடு போய்விடும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய மாலையும், கிளம்பும் அவசரத்தில் அப்படி ஒரு கோப்பைப் போட்டுவிட்டுத்தான் போனேன். மேனேஜர் சொன்ன பேய் நான்தான்.

மறுநாள் காலை மேனேஜர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். என் தவறுகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தேன். தாள்கள் ரத்தக்களரியாக இருந்தன. ஒவ்வொன்றாக விளக்கினேன். கடைசியாக, இயந்திரம் அடிபட்டது என்னால்தான் என்றும் சொன்னேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “நேத்து இங்கயே இதச் சொல்லியிருந்தீங்கன்னா நான் அந்தப் பொண்ண அவ்ளோ பேசியிருக்க மாட்டேனே,” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டார். செட்டர் திருத்தலாம், ஆனால் காரணத்தை ஒரு வரி எழுதிவிட்டுத் திருத்த வேண்டும் என்று புது விதி வந்தது. ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது.

செட்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் டூல் மாற்றிக்கொண்டிருந்தார். “நேத்தே சொல்லியிருக்கலாமே சார்,” என்றார், திரும்பாமலே. அதற்குப் பிறகு மூன்று வாரம், என்ன கேட்டாலும் “ஆகட்டும் சார்”தான். என் புரோகிராம்களில் கை வைப்பதையும் நிறுத்திவிட்டார். காற்றில் ஓட்டிப் பார்ப்பார். தவறு தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாடியைப் பார்த்து ஒரு கையைத் தூக்குவார். நான் இறங்கி வந்து திருத்திவிட்டுப் போவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் படிகளில் ஏறி இறங்கினேன் என்பது என் முழங்காலுக்குத்தான் தெரியும்.

மாடிவீட்டு நண்பரைக் கேட்டு, செட்டர் கோப்பைச் சேமிக்கும்போது அந்த டூல் ஒரு வரி காரணம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்தேன். நாலாவது வாரம் ஒரு காலை பட்டியலைத் திறந்தபோது அதில் ஒரு வரி புதிதாக இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்: “இங்க தூக்கலன்னா கிளாம்ப்ல இடிக்கும்.” அவ்வளவுதான். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பிறகு வரிகள் பெருகின. “அலுமினியத்துக்கு இவ்ளோ மெதுவா நக்கோ.” “புள்ளி எங்க சார்?” “இன்னிக்கு சார் நல்லா எழுதிகீறாரு, ஒண்ணுமே மாத்தல” — இதை எழுதுவதற்காகவே ஒரு வெற்றிடத்தைச் சேர்த்துச் சேமித்திருந்தார். நானும் பதில் எழுதக் கற்றுக்கொண்டேன். என் பிரதியைக் கீழே தூக்கிப் போடுவதை நிறுத்தி, அவருடைய திருத்தங்களின் மேல் என் திருத்தத்தைச் செய்தேன். எழுதுவதற்கு முன்பே இறங்கிப் போய் கிளாம்பின் உயரத்தைக் கேட்கத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டின்போது என் வரைபடத்தை விரித்து வைத்து, இந்த இடத்தை எப்படி வெட்டலாம் என்று சண்டை போடுவோம். வேர்க்கடலை உருண்டை ஒரு டப்பா நிறையக் கொண்டுவருவார். சண்டையில் தோற்பவருக்கு ஒன்று குறையும். பெரும்பாலும் எனக்குத்தான் குறைந்தது.

இரண்டு வருடம் கழித்து, பீன்யாவில் ஒரு பெரிய தொழிற்சாலையில் அவருக்குப் புரோகிராம் எழுதும் வேலையே கிடைத்தது. நேர்முகத் தேர்வில் அவர் கொண்டுபோய்க் காட்டியது அந்தப் பட்டியலின் அச்சுப்பிரதியைத்தான். அதற்கு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர். கடைசி நாளில் செட்டரம்மா தன் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த செட்டர் ஆறடி உயரம்.

போன மாதம் செட்டரம்மா அழைத்திருந்தார். நான் மெட்ரோவில் பொம்மசந்திராவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய தொழிற்சாலையிலும் மாற்றங்களைப் பட்டியலிடும் அந்த டூலைப் போட்டாகிவிட்டதாம். “நானே போட்டேன் சார். யாரையும் கேக்கல, எதையும் பார்த்து எழுதல,” என்றார். குரலில் அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு இருந்தது. வெகுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“ஏம்மா, நான் தப்புத் தப்பா எழுதி அனுப்பினப்போ, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அத்தன நாளும் ஏன் சும்மா நீயே திருத்திக்கிட்டிருந்த?”

“நான் சொன்னேனே சார். சேந்த மொத வாரமே சொன்னேன்.”

“என்கிட்டயா?”

“உங்ககிட்டதான். மேல வந்து, கிளாம்ப் இடிக்கும் சார்னேன். நீங்க டீ குடிச்சினு இருந்தீங்க. ‘நீ பட்டன் அமுக்கற வேலைய மட்டும் பாரும்மா’ன்னீங்க. அப்பால எதுக்கு பேஜாருன்னு நானே மாத்திக்கினேன்.”

நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்த டீயோ, அவர் வந்து நின்றதோ, நான் சொன்னதோ எதுவும் வரவில்லை. எங்கள் கணினியின் பட்டியல் அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் அவர் சொல்வதைச் சந்தேகிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்த வாக்கியம் என்னுடையதுதான். கடைசியில் ஒட்டியிருந்த அந்த ‘ம்மா’ உட்பட.

“எனக்கு ஞாபகமே இல்லம்மா. ஆனா சொல்லியிருப்பேன். தப்புதான்.”

“ஐயே, விடுங்க சார்,” என்று சிரித்தார். “இங்க புதுசா வந்த செட்டர் ஒருத்தரு என் புரோகிராம்ல கைய வெச்சிகீறாரு. காத்தால லிஸ்ட்ட தெறந்தா, நாலு எடத்துல அவரு பேரு. போயி இன்னான்னு கேட்டுட்டு வர்றேன். வெச்சிடட்டா?”

“கோவமா போறியா?”

“இல்ல சார்,” என்றார். பின்னால் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டது. “ரெண்டு டீ எடுத்துக்கினு போறேன்.”